பேர் எடுத்த கதை



நம் மாணவர் பேரவைச் செயலாளர் கேன்டீனில் என்னைப் பிடித்து, "டேய், அந்தத் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் பண்ணவன் நீதானே, மலருக்கு ஒரு கட்டுரை குடு" என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அதைப் பண்ணியது நான் இல்லை. இதைத் தனியாக ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என் ஊர் பட்டாபிராம். அப்பா ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில் சி.டி.எச். ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டு வாசலில் இட்லிக் கடை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எங்கள் வீட்டில் பேர் அச்சில் வந்த இடங்கள் இரண்டே இரண்டு: ஒன்று ரேஷன் கார்டு, இன்னொன்று அப்பாவின் டிரைவிங் லைசென்ஸ். 2024 நவம்பரில் எங்கள் ஊரில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள் அல்லவா, அதிலிருந்து அம்மா தினமும் அதைக் காட்டிக் காட்டி, "அதுல ஒரு மாடியில என் பையன் உக்காரப் போறான்" என்று இட்லி வாங்க வருபவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், உள்ளுக்குள் குளுகுளு என்றும் இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பேர் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா, பள்ளியில் கிடைத்த தன்னுடைய பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்தார். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் சென்னையிலுள்ள சி-டாக் மையம் 2007-ல் வெளியிட்டது அது. டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது. விண்டோஸ் படுத்துவிட்டதால் வேறு வழியில்லாமல் லினக்ஸ் கற்றுக்கொண்டேன். பெரிய கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை!

இரண்டாம் வருடத்தில் லேப் மெஷின் ஒன்றில் ஒரு பைத்தான் புரோகிராம் கண்ணில் பட்டது. தமிழ்99 விசைப்பலகையில் டைப் அடிக்கப் பழகும் விளையாட்டு. மேலிருந்து சொற்கள் விழும், தரையைத் தொடுவதற்குள் அடிக்க வேண்டும். எழுதியவர் நமக்கு இரண்டு வருடம் சீனியர். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் அவர் பேரும் ரிஜிஸ்டர் நம்பரும் இருந்தன. நான் அதற்குக் கலர் மாற்றினேன், ஸ்கோர் போர்டு சேர்த்தேன், அழகான ஒரு எழுத்துரு போட்டேன், டிக் டிக் என்று ஒரு சத்தம் சேர்த்தேன். அப்படியே அந்தப் பேர் வரியையும் எடுத்துவிட்டேன். "கிளீன் பண்ணுகிறேன்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு அதை டெபியன் பேக்கேஜாகக் கட்ட உட்கார்ந்தேன். பேக்கேஜ் என்றால் பார்சல் மாதிரி. புரோகிராம், படம், எழுத்துரு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கட்டி, கூடவே ஒரு விவரச் சீட்டும் வைக்க வேண்டும். நெட் இல்லாத பையன்கூட பென்டிரைவில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். பார்சல் கட்டும் கருவியே மாதிரிச் சீட்டு ஒன்றைத் தருகிறது. அதில் பதிப்புரிமை என்னும் ஃபைலில் "எழுதியவர் பெயரை இங்கே போடவும்" என்று காலி இடம் விட்டிருக்கிறது. இருந்த காலி இடத்தில் எல்லாம் என் பேரைப் போட்டேன். முதல் வருடத்துப் பையன்கள் 17 பேருக்குக் காப்பியும் கொடுத்தாகிவிட்டது. பேரவை போர்டில் "உருவாக்கியவர்" என்று என் பேரைச் சாக்பீஸில் எழுதினார்கள். அதை போட்டோ எடுத்து அம்மாவுக்குக் காட்டினேன்.

மாட்டியது எங்கே தெரியுமா? லேப் மெஷின்கள் எல்லாவற்றிலும் போடலாம் என்று எங்கள் லேப் சாரிடம் கொண்டுபோனேன். அவர் விளையாடிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பதிப்புரிமை ஃபைலைத் திறந்தார். "எழுத்துரு நீ வரைஞ்சியா? இந்தச் சொல்பட்டியல் நீ தொகுத்ததா? சத்தம்?" என்று வரிசையாகக் கேட்டார். "நெட்ல சும்மா கெடைச்சுது சார், ஃப்ரீதான்" என்றேன். "சும்மா கெடைக்கிறது வேற, குடுக்க உரிமை இருக்கிறது வேற" என்று சொல்லி, போய்ப் படித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்.

படித்தேன். படிக்கப் படிக்க வயிறு கலங்கியது. ஒரு புரோகிராமில் எந்த லைசென்ஸும் எழுதவில்லை என்றால் அது எல்லோருக்கும் பொது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நேர் எதிர்! நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் ஓர் இலக்கியப் படைப்பு. எழுதிய உடனேயே உரிமை எழுதியவனுக்கு. பதிவு செய்ய வேண்டும் என்பதுகூட இல்லை. அவன் "எடுத்துக்கொள்" என்று சொல்லாதவரை பிரதி எடுத்து விநியோகிக்க நமக்கு உரிமை கிடையாது. ஓப்பன் சோர்ஸ் என்பது லைசென்ஸ் இல்லாத சமாசாரம் இல்லை, லைசென்ஸ் ஒழுங்காக எழுதப்பட்ட சமாசாரம். உதாரணத்துக்கு ஜி.பி.எல். என்ன சொல்கிறது? பயன்படுத்து, பிரித்துப் பார், மாற்று, காசுக்கு வேண்டுமானாலும் வில். ஆனால் வாங்குபவனுக்கும் அதே உரிமையைக் கொடு, மூல நிரலைக் கொடு, எழுதியவர் பேரை அழிக்காதே.

கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.

ராத்திரி அப்பாவிடம் பாதி சொன்னேன். பேர் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவர் சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ், பர்மிட் என்று கட்டில் மேல் பரப்பினார். "வண்டி நம்முளுது. ஆனா ஒரு பேப்பர் இல்லன்னாலும் ரோட்டுல எறக்க முடியாது. உன்னுதுல எத்தினி பேப்பர் கொறையுது?" என்றார். எண்ணிப் பார்த்தேன். நாலு.

சத்தம் சுலபம். தூக்கிப் போட்டுவிட்டு, எங்கள் வீட்டு இட்லித் தட்டில் கரண்டியால் தட்டி போனில் பதிவு செய்தேன். நன்றாகத்தான் இருக்கிறது!

எழுத்துரு ஒரு டி.டி.பி. கடையில் வாங்கியது. அதன் உள்ளேயே "சொந்தப் பயனுக்கு மட்டும், விநியோகம் கூடாது" என்று எழுதியிருந்ததை நான் திறந்தே பார்த்ததில்லை. அதற்குப் பதில் மீரா இனிமை கிடைத்தது. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற குழு வெளியிட்டது. தமிழுக்கு எழுத்துரு செய்து கொடுத்தவர்கள் கேரளத்துக்காரர்கள், பாருங்கள். அது ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் இருக்கிறது. சாஃப்ட்வேரோடு சேர்த்துத் தாராளமாகக் கொடுக்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, லைசென்ஸ் வாசகத்தைக் கூடவே வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

சொல்பட்டியல் இழுத்தடித்தது. "வியாபாரம் அல்லாத பயனுக்கு மட்டும்" என்று அதில் போட்டிருந்தது. நாம் என்ன விற்கவா போகிறோம், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சாரிடம் வாதாடினேன். டெபியன் 1997-லேயே வகுத்த விதியை அவர் காட்டினார்: எந்தத் தொழிலுக்கும் தடை போடும் சரக்கை அவர்கள் சுதந்திர மென்பொருளாக ஏற்பதில்லை. ஆவடியில் பிரௌசிங் சென்டர் வைத்திருப்பவர் நம் பார்சலைக் காப்பி போட்டு 20 ரூபாய் வாங்கினால், ஜி.பி.எல். படி அது சரி, சொல்பட்டியல் படி தப்பு! அப்போதுதான் பாரதியார் ஞாபகம் வந்தார். அவர் எழுத்துகளின் உரிமையை 1949-ல் சென்னை அரசு வாங்கி, பின்னர் பொதுவாக்கிவிட்டது. அவர் மறைந்தது 1921. ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு என்னும் சட்டக் கணக்கும் எப்போதோ முடிந்துவிட்டது. லைப்ரரியிலிருந்து கவிதைத் தொகுதியை எடுத்து வந்தேன். ஒன்பதாவது படிக்கும் தங்கை சொல் சொல்லாகப் படிக்க, நான் அடித்தேன். பத்து ராத்திரியில் 1100 சொற்கள். அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

மிச்சம் ஒன்று. சீனியர்.

பேசாமல் வேறு புரோகிராம் எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பெரிய ஆட்களுக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. கே.டி.இ. என்னும் புகழ்பெற்ற டெஸ்க்டாப்பை 1998-ல் டெபியன் வெளியே வைத்துவிட்டது. கே.டி.இ. ஜி.பி.எல்.-லில் இருந்தது, ஆனால் அது உட்கார்ந்திருந்த க்யூட்டி என்ற நூலகத்தின் லைசென்ஸ் அதோடு ஒத்துப்போகவில்லை. இதே சிக்கலால் சிலர் அதற்கு முன்பே கோபப்பட்டுப் புதிதாக க்நோம் என்ற டெஸ்க்டாப்பையே எழுத ஆரம்பித்திருந்தார்கள். கடைசியில் 2000-ல் உரிமைக்காரரான டிரால்டெக் நிறுவனமே க்யூட்டியை ஜி.பி.எல்.-லிலும் கொடுத்த பிறகு சிக்கல் தீர்ந்தது. ஆக, உரிமைக்காரர் வாய் திறக்க வேண்டும். என் உரிமைக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலையில் இருந்தார்.

சாயங்கால டிரெயினில் போய்ப் பட்டரவாக்கத்தில் இறங்கினேன். ஷிஃப்ட் முடிந்து டீக்கடைக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாத்துனது சரி. பேரை ஏன்டா எடுத்த?" என்றார்.

"பாக்க நல்லா இல்லைன்னு..." என்று ஆரம்பித்தேன். வாய் வரவில்லை. "என் பேரு வரணும்னு ஆசைண்ணா" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதை எழுதினப்ப வீட்ல கம்ப்யூட்டர் இல்ல. ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கி லேப்ல எட்டு மணி வரைக்கும் உக்காருவேன். வேலைக்கு வந்தப்புறம் நான் எழுதினதுன்னு சொல்லிக்க அது ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து அவரே சிரித்தார். "கீபோர்டு பகுதி நானும் இன்னொருத்தர்கிட்ட எடுத்ததுதான். அவர் ஜி.பி.எல். மூணுன்னு போட்டிருந்தார். அவர் பேரை நான் விட்டு வச்சிருந்தேனே, அதையுமா எடுத்துட்ட?"

ஆமாம், அதையும்தான்.

டீக்கடையிலேயே போனில் ஒரு மெயில் அடித்துக் கொடுத்தார்: இந்தப் புரோகிராமை ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பின் கீழ் தருகிறேன், யார் வேண்டுமானாலும் அதன்படி பயன்படுத்தலாம் என்று. அந்த மெயில் இப்போது பார்சலுக்குள்ளேயே இருக்கிறது. டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.

கொடுத்த 17 காப்பியில் 15 பேரிடம் மாற்றிவிட்டேன். மிச்சம் இரண்டு பேர் யாரென்று நினைவில்லை. இதைப் படிப்பவர் நீங்களாக இருந்தால் தயவுசெய்து பழையதை அழித்துவிட்டு லேபுக்கு வந்து புதியதை வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிப்புரிமை ஃபைலை அப்பாவிடம் காட்டினேன். இங்கிலீஷில் இருந்ததால், "உன் பேரு எது?" என்று கேட்டார். கடைசிப் பத்தியைக் காட்டினேன். பார்சல் கட்டியவன் என்ற முறையில், கட்டிய சீட்டுகளுக்கு மட்டும் என் பேர். அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு விரலை மேலே கொண்டுபோனார்.

"இது?"

"அந்த அண்ணன் பேருப்பா."

"அவங்க வூட்ல காட்னியா?"

இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போகிறேன்.