பொதிகையின் அடிவாரம் வரை

தார்ச்சாலைக்கும் காட்டுவழிக்கும் ஒருங்கே பொருந்தும் மோட்டார் சைக்கிள் ஒன்று திருவனந்தபுரத்தில் எங்கள் இல்லத்தில் உண்டு. 2019-இல் வெளிவந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. அதன் முன்சக்கரம் 21 அங்குலம். அடிவயிறு தரையினின்று 220 மில்லிமீட்டர் உயரம். சிறுசக்கரம் அமிழும் குழியைப் பெருஞ்சக்கரம் உருண்டு கடந்துவிடும்.

வாங்கியவுடன் அணிசெய்யும் ஆசை பிறந்தது. கைக்காப்பு பூட்டினோம், பட்டன் டயர் மாட்டினோம். சைலன்சரை மட்டும் தொடவில்லை. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றலாகாதென 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது ஒரு காரணம். யானை வாழும் காட்டில் இரைச்சல் வேண்டாம் என்பதே எங்களுக்குப் பெரிய காரணம்.

விதுரா கடந்து போணக்காடு செல்லும் தோட்டப்பாதை கல்லும் பள்ளமுமாய் இருந்தது. இருக்கையில் அமர்ந்தால் முதுகு தாளாது. ஃபுட்ரெஸ்டின்மேல் எழுந்து நின்று, முழங்காலைச் சற்றே மடக்கி ஓட்டினோம். பாழடைந்த தேயிலைத் தொழிற்சாலை தென்பட்டது.

அதற்கப்பால் அகத்தியர்கூடம், நம் பொதிகை; 1,868 மீட்டர். அங்கே நடைக்கு மட்டுமே அனுமதி. “இந்த வண்டி இன்னும் ஏறுமே, அப்பா!” என்றான் மகன். ஏறும்தான், அதனாலன்றோ தடை வேண்டியிருக்கிறது! சாவியைப் பையிலிட்டு, வனத்துறைச் சீட்டுடன் அதிருமலை முகாம் நோக்கி நடக்கலானோம்.