பெரிய டயரும் ஒரு பொய்யும்

என் கேம்பர் வேனுக்குப் பெரிய டயர் போட்டது தேவைக்காக என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அது உண்மையல்ல. வண்டி மிடுக்காகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் போட்டேன். அந்த ஆசைக்காக மனைவியிடம் பொய் சொன்னேன். ஒன்றும் அறியாத ஒரு மனிதர்மீது பழி விழவும் விட்டேன்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வசிக்கிறோம். எங்களுடையது 1987-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் வனகன் கேம்பர். கூரையைத் தூக்கினால் மேலே படுக்கை, உள்ளே அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று சின்ன வீடே இருக்கும். அத்தனை பாரத்தையும் பின்பக்கமிருந்த 2.1 லிட்டர் இன்ஜின் 95 குதிரைத்திறனில் இழுக்க வேண்டும். மலையேற்றத்தில் லாரிகளோடு ஓரத்தில் ஊர்ந்துதான் போவோம். ஆகவே அதை இறக்கிவிட்டு, சுபாருவின் 2.2 லிட்டர் இன்ஜினை ஏற்றினோம். சுமார் 130 குதிரைத்திறன். வனகன் வைத்திருக்கும் பலரும் செய்கிற மாற்றம்தான் அது.

டயர் வேலை அதற்குப் பிறகு வந்தது. 205/70 ஆர்14 அளவைக் கழற்றிவிட்டு, 15 அங்குல ரிம்மில் 215/75 ஆர்15 மாட்டினேன். டயரின் உயரம் சுமார் 643 மில்லிமீட்டரிலிருந்து 703-க்குப் போனது. சுபாரு இன்ஜினின் ஆயில் சம்ப் தாழ்வாகத் தொங்கும், கல்லில் இடிக்கும், அதற்காகத்தான் என்று காரணம் சொன்னேன். இன்ஜினை ஏற்றும்போதே சம்ப்பை வெட்டிக் குட்டையாக்கிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அதை மாட்டும் முன்பே எங்கள் மெக்கானிக் எச்சரித்திருந்தார். டயர் உயர்ந்தால், பெடலை அதே அளவு மிதித்தாலும் ரோட்டில் கிடைக்கும் பிரேக் விசை ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். முதலில் முன்சக்கர டிஸ்க்கையும் காலிப்பரையும் பெரிதாக்கு, டயர் அப்புறம் ஆகட்டும் என்றார். கையிலிருந்த பணம் இன்ஜினிலேயே கரைந்திருந்தது. அடுத்த கோடைவரை காத்திருக்க மனம் வரவில்லை. வேறொரு கடையில் போய் டயரை மாட்டிக்கொண்டு வந்தேன்.

"பிரேக் எல்லாம் தாங்குமாமா? மெக்கானிக்கைக் கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கேட்டேன். தாங்கும்னுதான் சொன்னார்."

பழைய இன்ஜின் இருந்திருந்தால் முதல் மேட்டிலேயே என் குட்டு வெளிப்பட்டிருக்கும். அவ்வளவு உயரமான டயரைச் சுழற்ற அது திணறியிருக்கும். புதிய இன்ஜினோ எதையும் காட்டிக்கொள்ளாமல் இழுத்தது. ஏற்றத்தில் ஒரு குறையும் தெரியாததால் வண்டியில் குறையே இல்லை என்று நம்ப எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் இன்ஜினுக்குத்தான் பலம் கூடியிருந்தது. பிரேக் பழைய பிரேக்தான்.

கோக்கிஹாலா நெடுஞ்சாலையில் அது தெரிந்தது. அதன் உச்சி 1,244 மீட்டர் உயரம். அங்கிருந்து ஹோப் ஊர்வரை நெடிய இறக்கம். வனகனில் ஸ்பீடோமீட்டர் கேபிள் இடது முன்சக்கரத்திலிருந்து வருகிறது. டயர் பெரிதானால் முள் குறைத்துத்தான் காட்டும்: 100 என்று காட்டினால் உண்மையில் 109. மூன்றாம் கியருக்கு இறக்கினேன். பெரிய டயரில் இன்ஜின் பிடிப்பும் குறைந்திருந்தது. மிதிக்க மிதிக்கப் பெடல் இன்னும் கீழே போனது. பிரேக் பேட் கருகும் நாற்றம் உள்ளே வந்தது. பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓரம் கட்ட இடம் கிடைத்தபோது என் கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அந்த மெக்கானிக் தாங்கும்னுதானே சொன்னார்?" என்றாள் மனைவி. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமாம்" என்றேன். இனி அவரிடம் வண்டியை விட வேண்டாம் என்று அவள் சொன்னதற்கும் தலையாட்டினேன். டயர் போட்டது ஆசையில் செய்த பிழை. இது கோழைத்தனம். பிள்ளையை ஆபத்தில் வைத்தவன் நான். கெட்ட பெயர் அவருக்கு.

பல மாதங்கள் கழித்துத்தான் அவளிடம் சொன்னேன். பிரேக்கைவிட அந்தப் பொய்தான் அவளை அதிகம் நோகடித்தது. மெக்கானிக்கிடம் அவளே என்னை அழைத்துப்போனாள். அவர் முன்னால் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் மாட்டி, பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றிக் கொடுத்தார். வேகத்தை இப்போது ஜிபிஎஸ்ஸில் பார்க்கிறேன்.

இன்னொரு கடன் பாக்கி இருக்கிறது. முகாம்களில் என் வண்டியைப் பார்த்து டயர் அளவு கேட்டவர்களிடம், "ஒரு பிரச்சினையும் இல்லை, தைரியமாப் போடுங்க" என்று சொல்லியிருக்கிறேன். பெயர்கூடத் தெரியாத அவர்கள் பிள்ளைகளோடு எந்த மலையில் இறங்கிக்கொண்டிருக்கிறார்களோ. அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். டயரைப் போட்டுவிட்டீர்கள் என்றால், பிரேக்கை மேம்படுத்தும்வரை மலைப்பாதைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.