பெயர் மாற்றமும் ஒரு முதலெழுத்தும்

குழந்தை பிறந்த வீட்டிற்குச் செல்வோர் முதலில் கேட்கும் வினா, "என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?" என்பதே. பிறந்த மகவின் காதில் பாங்கொலி கூறி, ஏழாம் நாளில் பெயர் சூட்டும் வழக்கம் எங்கள் இல்லங்களில் உண்டு. அந்த ஏழு நாள்களுக்குள் தந்தைவழிப் பாட்டனார் பெயரா, தாய்வழிப் பாட்டனார் பெயரா என்று எழும் அன்புப் பூசலை அறியாதார் யார்? பெயர் இடுவதே இத்துணைப் பெரிய காரியமென்றால், இட்ட பெயரை மாற்றுவது எத்துணைப் பெரிய காரியம்! இவ்வினா சென்ற ஆண்டு நெல்லிக்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணையிலேயே எழுந்தது. எழுப்பியவன் என் தங்கை மகன். பொருளோ, நம்மில் பலர் விளையாட்டென்று ஒதுக்கிவிடும் ஒன்று.

தங்கை வாழ்க்கைப்பட்டது நெய்வேலி நகரியத்தில். அவள் மகன் 2012இல் ஒன்பதாம் வகுப்பு மாணவன். அவனும் அவன் தோழர் மூவரும் மாலை வேளைகளில் ஒரு பழைய கணினியின் முன் கூடுவர். அவர்கள் ஆடியது கார்ப் பந்தய ஆட்டம். ஓட்டுநர் இருக்கையிலிருந்து சாலையைப் பார்க்கும் ஆட்டம் அன்று; வானிலிருந்து பருந்து நோக்குவதுபோல் தடம் முழுவதையும் ஒரே திரையில் நோக்கி ஆடும் ஆட்டம். தீப்பெட்டியினும் சிறியனவாய்க் கார்கள் கீழே ஊர்ந்து திரியும்.

இவ்வகை ஆட்டத்துக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டென்பதைப் பின்னரே அறிந்தேன். அமெரிக்காவின் அடாரி நிறுவனம் 1974இல் வெளியிட்ட 'கிரான் டிராக் 10' என்பதே இவ்வழியின் முன்னோடி. அதிலும் தடம் முழுவதும் ஒரே திரையில் அடங்கிவிடும். 1991இல் இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட 'மைக்ரோ மெஷின்ஸ்' ஆட்டத்திலோ, உணவு மேசை முதலிய வீட்டுப் பொருள்களே பந்தயத் தடங்களாயின. நம் பிள்ளைகள் ஆடியது பின்லாந்து நாட்டு உடன்பிறப்புகளான ஹன்னு ராபினா, யுக்கா ராபினா ஆகிய இருவர் ஆக்கி, 2002இல் விலையின்றி உலகுக்கு அளித்த 'ஜெனராலி'. ஆங்கிலத்தில் 'பொதுவாக' என்னும் பொருள் தரும் சொல்லும், கார்ப் பந்தய வகையைக் குறிக்கும் 'ராலி' என்னும் சொல்லும் அப்பெயருள் ஒருங்கே ஒலிக்கின்றன. காளமேகப் புலவரைப் பாடம் நடத்தும் என் போன்றோர்க்கு, "இது சிலேடையன்றோ!" என்று மகிழத் தோன்றும்.

அவ்வாட்டத்தின் சிறப்பு அதனுடன் வந்த தடம் அமைக்கும் கருவியாகும். ஆடுவோரே புதிய தடங்களை ஆக்கிப் பிறர்க்கு வழங்கலாம். என் மருமகன் ஆடுவதை விட்டுவிட்டு ஆக்குவதில் இறங்கினான். ஒருநாள் அவனருகே அமர்ந்து பார்த்தேன். முதலில் நிலத்தின் மேடுபள்ளத்தைத் தீட்டினான். அடுத்து எது தார்ச்சாலை, எது புல், எது மணல் என்று பரப்பினான். மணலில் இறங்கிய கார் வேகம் இழக்கும். பின்னர் மரங்களையும் சுவர்களையும் நட்டான். குறுக்குவழியில் ஏய்த்துச் செல்வாரைத் தடுக்கச் சோதனைக் கோடுகளை இட்டான். இறுதியாக, கணினியே ஓட்டும் கார்கள் செல்ல வேண்டிய வழியை ஒரு கோடாக வரைந்தான். அக்கோடு வளைவில் சற்றே பிசகினாலும் அக்கார்கள் சுவரில் முட்டி நிற்கும். ஒரு வளைவைச் சரிசெய்ய அவன் இரு மாலைகள் செலவிட்டதைக் கண்டபோது, 'இப்பொறுமையை யாப்பிலக்கணத்தில் காட்டினால் இவன் புலவனாவானே' என்று எண்ணிக்கொண்டேன்.

நால்வரும் ஆக்கிய முதல் தடம் அவர்கள் வாழ்ந்த குடியிருப்பே. நெய்வேலி நகரியம் திட்டமிட்டு அமைக்கப்பட்ட ஊர். நேர்நேராகச் சாலைகள், எண்ணிட்ட பகுதிகள். ஒவ்வொரு பகுதியையும் அங்கே 'வட்டம்' என்று வழங்குவர். "எந்த வட்டம்?" என்று கேட்டால் எண்ணைச் சொல்வர். பெயரில்தான் வட்டமேயொழிய வடிவில் கட்டம். நேர்ச்சாலைகளில் பந்தயம் சுவைக்கவில்லை என்று கண்ட பிள்ளைகள் அடுத்துச் சுரங்கத்தை எடுத்துக்கொண்டனர். பழுப்பு நிலக்கரிக்காகப் படிப்படியாக வெட்டி இறக்கிய அந்தப் பெரும் பள்ளமும், தோண்டிய மண்ணைக் குவித்த மேடுகளும் அவர்தம் தடத்தில் ஏற்றங்களும் இறக்கங்களும் ஆயின. முதல் தடத்தின் தொடக்கக் கோடு மட்டும் நால்வருள் ஒருவன் வீட்டு வாயிலில் இருந்தது. கணினி இருந்தது அவன் வீட்டில்தான்.

நால்வர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து, தங்கள் முயற்சிக்கு ஒரு பெயரும் இட்டனர். அச்சொல்லுக்குப் பொருள் ஏதுமில்லை. பவணந்தியார் வகுத்தவாறு சொல்வதாயின், பிறர்க்கு அஃது இடுகுறிப் பெயர். அந்நால்வர்க்கு மட்டும் காரணப் பெயர். தாங்கள் ஆக்கிய ஒவ்வொரு தடத்தின்மீதும் அப்பெயரைப் பொறித்தே அனுப்பினர்.

2016ஆம் ஆண்டில் இரு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. 1956இல் தோன்றிய நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், 'என்.எல்.சி. இந்தியா லிமிடெட்' என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. நெய்வேலிக்கு வெளியே இராசத்தான் முதலிய மாநிலங்களிலும் அதன் பணி பரவிவிட்டதால் ஓர் ஊரின் பெயருக்குள் அஃது அடங்கவில்லை. அது நாடறிந்த செய்தி. மற்றொன்றை எங்கள் வீடு மட்டுமே அறியும். கணினி வைத்திருந்த தோழனின் தந்தையார் அவ்வாண்டில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். பிறந்து வளர்ந்த வீட்டைத் துறந்து அக்குடும்பம் தொலைவிலுள்ள சொந்த ஊருக்குச் சென்றது. நகரியத்துப் பிள்ளைகள் அனைவர்க்கும் என்றேனும் நேரும் பிரிவு அது. நால்வர் மூவராயினர். பின்னர்க் கல்லூரி வந்தது, வேலை வந்தது, தடம் ஆக்கும் பணி பல்லாண்டு உறங்கிக் கிடந்தது.

சில ஆண்டுகளுக்குமுன் அது மீண்டும் எழுந்தது. விடுமுறை நாள்களில் மூவரும் கூடினர். புதியவர் இருவர் சேர்ந்தனர். இப்பொழுது ஓர் ஆட்டத்துக்கு மட்டுமன்றி, மேலிருந்து நோக்கும் வேறு ஆட்டங்களுக்கும் தடங்கள் ஆக்குகின்றனர். நெய்வேலி மட்டுமன்றிக் கடலூர்த் துறைமுகமும் பிச்சாவரத்துக் கழிமுகமும் தடங்களாகிவிட்டன. இந்நிலையில்தான் மருமகன் திண்ணையில் வந்தமர்ந்து, "மாமா, பழைய பெயரை மாற்றப் போகிறோம். நல்ல தமிழ்ப் பெயராக ஒன்று சொல்லுங்கள்" என்றான்.

தமிழாசிரியனிடம் பெயர் கேட்டால் சும்மா இருப்பானா? சூத்திரம் அமையும் நிலைகளுள் 'பருந்தின் வீழ்வு' என ஒன்றை நன்னூல் கூறும். உயரப் பறந்து, வேண்டியதை மட்டும் பாய்ந்து எடுக்கும் அப்பருந்தையே பெயராக்கலாமே என்றேன். அவன் சிரித்தான். "பந்தயத்தில் வீழ்வு என்று பெயர் வைத்தால் எவன் ஓட்டுவான், மாமா?" என்றான். அவன் கூறியது நியாயமே.

"பழைய பெயருக்கு என்ன குறை?" என்று கேட்டேன். மூன்று காரணங்கள் கூறினான். புதிதாகப் பார்ப்போர்க்கு அது பொருளற்ற ஒலி. புதிதாகச் சேர்ந்த இருவரின் எழுத்து அதில் இல்லை. இல்லாதவன் ஒருவனின் எழுத்து அதில் இருக்கிறது. முதலிரண்டு காரணங்களையும் ஏற்றுக்கொண்டேன். மூன்றாவதைக் கேட்டபோது நெஞ்சில் ஏதோ உறுத்தியது. அவன் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. கணக்குப் பார்ப்பவன்போல் சொன்னான். அதனால்தான் உறுத்தல் மிகுந்தது.

பெயர் மாற்றம் தவறென்று நான் கருதவில்லை. 1969இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. தமிழர் எவரே அதற்கு மகிழாதார்? மருமகன் ஆடும் ஆட்டங்களின் உலகிலும் இதற்குச் சான்றுண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் டி.எம்.ஏ. டிசைன் என்னும் நிறுவனம் 'ரேஸ் அண்டு சேஸ்' என்ற பெயரில் ஆக்கத் தொடங்கிய ஆட்டம், 1997இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' என்னும் பெயரில் வெளிவந்தது. அதுவும் மேலிருந்து நோக்கும் ஆட்டமே. பொருள் மாறியபோது பெயரும் உடன் மாறியது. உலகம் அதனை ஏற்றுக்கொண்டது.

இதற்கு மறுதலையும் உண்டு. 1973இல் அடாரி நிறுவனம் 'கீ கேம்ஸ்' என்று வேறொரு பெயரில் நிறுவனம் ஒன்றை நிறுவி, ஏறத்தாழத் தன் ஆட்டங்களையே வேறு பெயர்களில் விற்கச் செய்தது. தமக்கு மட்டுமே உரிய சரக்கு வேண்டும் என்று கேட்ட விற்பனையாளர்களுக்கு, போட்டி நிறுவனம்போல் ஒன்றைக் காட்ட அது செய்த உபாயம் அது. பொருள் மாறாதிருக்கப் பெயரை மட்டும் மாற்றுவது இவ்வகை. அறிவிப்பதற்காக மாற்றும் பெயர் ஒன்று. மறைப்பதற்காக மாற்றும் பெயர் மற்றொன்று. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும்.

இன்னொன்றையும் அவனுக்குச் சுட்டிக் காட்டினேன். என்.எல்.சி. நிறுவனம் பெயர் மாறியபோதும் அம்மூன்று முதலெழுத்துகளைக் கைவிடவில்லை. எங்கள் நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலைக்குரிய ஈ.ஐ.டி. பாரி நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். ஈ.ஐ.டி. என்பது கிழக்கிந்திய வடிப்பாலை என்னும் பொருள்தரும் பழம் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி போய் எத்தனை தலைமுறை! அம்மூன்றெழுத்து மட்டும் பெயர்ப்பலகையில் நிற்கிறது. ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். குப்பம் என்றால் சிற்றூர். நெல்லிக்குப்பம் நகராட்சியாகி நெடுநாளாயிற்று. 'நெல்லிநகர்' என்று எவரும் மாற்றவில்லை. வளர்ந்துவிட்டோம் என்பதற்காகத் தொட்டிலின் பெயரை அழிக்க வேண்டியதில்லை.

சுரங்கத்துக்காக நிலம் கொடுத்து இடம்பெயர்ந்த சிற்றூர்களையும் நினைத்துப் பார்த்தேன். அவ்வூர்கள் இருந்த இடத்தில் இன்று மண்ணில்லை, பள்ளம் இருக்கிறது. ஆயினும் திருமண வீடுகளில் முதியோர் சந்திக்கும்போது அவ்வூர்ப் பெயர்களைச் சொல்லியே உறவு விசாரிப்பதைக் கேட்டிருக்கிறேன். நிலம் போன பின்னரும் பெயர் நின்று உறவைக் காக்கிறது. அப்பெயரும் போனால் எஞ்சுவது யாது?

"சரி மாமா, என்ன செய்யலாம்?" என்று கேட்டான். "அந்தப் பிள்ளையைக் கேட்டாயா?" என்றேன். அவன் தலை குனிந்தான். பேசி ஐந்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டன என்றான். சண்டையில்லை, மனத்தாங்கலில்லை, வெறும் மறதி. "முதலில் அவனிடம் கேள். எழுத்து அவனுடையது, எடுப்பதற்கு அவன் இசைவு வேண்டும்" என்றேன்.

அன்றிரவே தொலைபேசியில் அழைத்தான். நான் அருகில் இருந்தேன். நலம் விசாரித்தல் முடியவே அரைமணி நேரமாயிற்று. பெயர் மாற்றச் செய்தியைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். மறுமுனையில் சற்று மௌனம். பின்னர், "பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்டா, நல்லதுதான். ஆனால் அந்த முதல் தடத்தில் எங்கள் வீட்டு வாசலில் இருக்கிற தொடக்கக் கோட்டை மட்டும் நகர்த்தாதீர்கள். அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள், அதிலாவது எங்கள் வீடாக இருக்கட்டும்" என்றான். என் மருமகன் மறுமொழி கூறச் சிறிது நேரம் பிடித்தது.

புதிய பெயரைக் கூறியவனும் அத்தோழனே. 'வட்டம்' என்றான். நெய்வேலியில் வாழ்ந்தவர்க்கு அது குடியிருப்பு. பந்தயக்காரர்க்கு அது சுற்றிவரும் தடம். அவர்களுக்கோ அது நண்பர் வட்டம். மூன்று பொருளும் பொருந்தி நிற்கும் அச்சொல்லை, முதுகலையும் எம்.ஃபில்.லும் முடித்த எனக்குக் கண்டுபிடிக்க இயலவில்லை. நகரியத்தை விட்டு வெளியேறிய பிள்ளைக்குத்தான் தோன்றிற்று.

இனி ஆக்கும் தடங்களுக்குப் புதிய பெயர். பழைய தடங்களில் பழைய பெயரும் ஆக்கியோர் பெயர்களும் உள்ளவாறே இருக்கும். புதிய பெயரின் கீழே சிற்றெழுத்தில் பழைய பெயரும் பொறிக்கப்படும் என்று முடிவாயிற்று. இப்பொழுது ஆக்குவோர் அறுவர். ஆறாமவன் தொலைவிலிருந்தே தடங்களின் வளைவுகளைத் திருத்தி அனுப்புகிறான்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் மன்றங்கள் அமைப்பீர்கள், இதழ்கள் தொடங்குவீர்கள், தொழில்கள் நடத்துவீர்கள். ஒருநாள் அவற்றின் பெயரை மாற்றவும் நேரலாம். தாராளமாக மாற்றுங்கள். ஆனால், மாற்றுமுன் அப்பெயருக்குள் யாருடைய எழுத்து இருக்கிறதென்று ஒருமுறை பாருங்கள். அவர் எங்கிருந்தாலும் தேடிப் பிடித்து ஒரு சொல் கேளுங்கள்.