தீவில் ஒரு பகல்

சுலோவீனியா நாட்டின் பிளெட் ஏரியைச் சுற்றி நடந்துவர ஏறத்தாழ 6 கிலோமீட்டர். அதனுள்ளே மரங்கள் போர்த்திய சிறு தீவொன்று, தேவாலயக் கோபுரத்தைத் தாங்கி நிற்கிறது. வருவோருள் பலர் அத்தீவைப் பார்க்கிறார்களேயன்றி, அதில் இருப்பதில்லை.

காரணம் படகுதான். ஏரியின் தூய்மை கருதி இயந்திரப் படகுகளுக்கு இங்கே இடமில்லை. தட்டையான அடிப்பாகமுடைய ‘பிளெட்னா’ என்னும் மரப்படகை, படகோட்டி பின்புறம் நின்றவாறே இரு துடுப்புகளால் செலுத்துகிறார். தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களில் தொடரும் தொழில் அது. செல்கை இனியது. ஆயினும் தீவில் இறக்கிவிட்டபின் அவர் காத்திருப்பது ஏறத்தாழ 40 நிமிடங்களே. துறையிலிருந்து மேலேறும் கற்படிகள் 99. மணமகளைச் சுமந்துகொண்டு மணமகன் அவற்றை ஏறுவதும், அதுவரை அவள் வாய் திறவாதிருப்பதும் அவ்வூர் வழக்கு. இருவருள் யார் பாடு கடிது என்பது ஆய்வுக்குரியது! படியேறி, 1534ஆம் ஆண்டில் வார்க்கப்பட்ட மணியின் கயிற்றை இழுக்க வரிசையில் நின்றால், பொழுது தீர்ந்துவிடும்.

நிதானம் நாடுவோர் தாமே துடுப்பு வலிக்கும் சிறுபடகை வாடகைக்கு எடுப்பதே தக்கது. மணிக்கணக்கில் வாடகை ஏறும், தோளும் வலிக்கும். ஆனால் திரும்பும் வேளையை அவர்களே முடிவு செய்யலாம். கூட்டம் திரளுமுன் காலையிலேயே புறப்பட்டால், மணியடித்த பின்னும் மரநிழலில் அமர்ந்து, எதிர்ப்பாறைமேல் நிற்கும் கோட்டையையும் அதற்கப்பால் எழும் ஆல்ப்சு மலைகளையும் நெடுநேரம் பார்த்திருக்கலாம். இடையிடையே மணி ஒலிக்கும். யாரோ ஒருவர் எதையோ வேண்டிக்கொள்கிறார்.