மொய் நோட்டும் சாய்வுக்கோடும்

பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மக்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: மொய் என்பது அன்பளிப்பு இல்லைங்க, கைமாற்று மாதிரி. யார், எந்த ஊர், எவ்வளவு என்று நோட்டில் ஏறும். அவர்கள் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். பெயர் விட்டுப்போனால் உறவே விட்டுப்போகும்.

இங்கே அகமதாபாத் மணிநகரில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் அந்த ஊர்க்காரர். பேரன் காதுகுத்தை இங்கேயே வைத்தார். வர முடியாத சொந்தங்கள் யூபிஐயில் மொய் அனுப்பிவிட்டார்கள். நூற்றுச் சொச்சம் வரவு. "தம்பி, நீங்கதான் பேங்க்ல இருக்கீங்களே, பேரை மட்டும் பிரிச்சுக் குடுங்க" என்று ஸ்டேட்மென்ட்டைக் கொடுத்துவிட்டார்.

வங்கிக்கு வங்கி வடிவம் மாறும். இதில் ஒவ்வொரு வரியும் இப்படி: யூபிஐ/சிஆர்/12 இலக்க எண்/பெயர்/வங்கியின் நான்கெழுத்து/குறிப்பு. எக்செல்லில் 'ஃபைண்ட்' போட்டு சாய்வுக்கோடு இருக்கும் இடத்தைப் பிடித்து, 'மிட்' போட்டு நடுவில் வெட்டலாம். மூன்றாவது கோட்டைத் தேடுவதற்குள் ஃபார்முலா ஒரு முழம் நீளும். பன்னிரண்டாவதில் பைத்தான் படிக்கும் என் மகள், "தள்ளுங்கப்பா" என்று உட்கார்ந்தாள்.

12 இலக்கமும் ஒரு கோடும் தொடக்க எல்லை. அடுத்து (.*), முடிவில் ஒரு கோடு. ஓட்டினால் பெயரோடு வங்கி எழுத்தும் சேர்ந்து வந்தது. '.*' என்பது கிடைத்த வரை அள்ளுமாம். கடைசிக் கோட்டில்தான் நிற்கும். அதற்கு 'கிரீடி', அதாவது பேராசைக்காரன் என்றே பெயர். பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு (.*?) ஆக்கினால் 'லேஸி'. சோம்பேறி, முதல் கோட்டிலேயே நின்றுவிடுவான் :-)

பட்டியல் வந்தது. கூட்டுத்தொகை பைசா சுத்தமாக டேலி. எங்கள் தொழிலில் அதோடு ஃபைலை மூடிவிடுவோம். அண்ணன் மூடவில்லை.

"தம்பி, முருகேசன் எஸ்னு ஒரே ஆளு பேர்ல 6002 நிக்குதே? எனக்கு ரெண்டு முருகேசன். கருப்பையா மவன் ஒருத்தன், ராமசாமி மவன் ஒருத்தன்."

ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தோம். இரண்டு கணக்குமே 'முருகேசன் எஸ்/ஓ' என்று தொடங்கி, அப்பா பெயரோடு முடிகின்றன. அந்த 'எஸ்/ஓ'வில் இருக்கும் கோட்டைப் பார்த்ததும் சோம்பேறி நின்றுவிட்டான். அப்பா பெயர்கள் போயின, இரண்டு பேர் ஒருவராகி, 5001-ம் 1001-ம் ஒன்றாகிவிட்டன. தொகையில் ஒரு ரூபாய் குறையவில்லை.

மகள் முடிவு எல்லையை மாற்றினாள். வெறும் கோடு போதாது. கோடு, சரியாக நான்கு பெரிய எழுத்து, மறுபடி கோடு; இந்த மூன்றும் சேர்ந்து வரும் இடத்தில்தான் பெயர் முடிகிறது. 'ஓ கருப்பையா' அந்த அளவுக்குள் அடங்காது. இரண்டு முருகேசனும் அப்பா பெயரோடு வந்து சேர்ந்தார்கள்.

நீங்களும் இப்படி வெட்டினால் எத்தனை வரி போனது, எத்தனை பெயர் வந்தது என்று எண்ணுங்கள். பெயருக்குள் அந்தக் குறியே வருகிறதா என்று பாருங்கள். ஒரே பெயர் இருமுறை வந்தால், கூட்டும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

அண்ணன் பிரின்ட்டைத் தொடவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தன் கையாலேயே எழுதிக்கொண்டார். ஆடியில் ஊரில் கருப்பையா மகன் மொய் விருந்து வைக்கிறானாம். டிக்கெட் போட்டாயிற்று.