நண்பகலில் அது வெறும் பாறை

ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் என் மகன் சென்ற ஜூலையில் அந்நாட்டின் நடுப்பகுதிக்கு என்னை அழைத்துப்போனான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் வாடகைக்கு ஒரு ஜீப் எடுத்து நாங்களே ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் சுமார் 450 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் உலுரு பாறைக்குத்தான் விரைவார்கள். நாங்களும் அப்படிக் கிளம்பியவர்கள்தான். வழியில் ரெயின்போ வேலி என்ற சிறு காப்பகத்தில் ஒரு ராத்திரி தங்கலாம் என்று பிடிவாதம் பிடித்தவள் என் பேத்தி.

ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கே 75 கிலோமீட்டர். அதுவரை எண்ணெய் தடவியதுபோன்ற ஓட்டம். பிறகு 22 கிலோமீட்டர் மண் பாதை. முதலில் வரி வரியான மேடுபள்ளம். என் வயதுக்கு எஞ்சியிருக்கும் பற்கள் எத்தனை என்று அன்று எண்ணிக்கொண்டேன். அப்புறம் மணல். ஓரிடத்தில் சக்கரம் புதைந்தது. மகன் ஆக்சிலரேட்டரை மிதித்தான். மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டது.

"போதும்டா, நிறுத்து" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எதிரே வந்த ஒரு முதியவர் இறங்கிவந்து, ஒன்றும் பேசாமல் டயர் வால்வைக் காட்டினார். 38-இல் இருந்த காற்றை 22-க்கு இறக்கினோம். டயர் அகன்று உட்கார்ந்தது. வண்டி மெல்ல ஊர்ந்து மேலே வந்தது. உத்தியோகத்தில் ஒரு மேலதிகாரியோடு இரண்டு வருஷம் முட்டிமோதிய எனக்கு, அந்தக் குழியைப் பார்க்கக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இறுகினவன் புதைவான், தளர்ந்தவன் தாண்டுவான்.

போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். எதிரே மணற்கற் குன்று, வெளிறிப்போய் நின்றது. "இவ்வளவுதானா தாத்தா?" என்றாள் பேத்தி. குடிதண்ணீர்கூட அங்கே கிடையாது. கொண்டுபோனதைத்தான் குடிக்க வேண்டும். கிளம்பிவிடலாம் என்றான் மகனும். இருப்போம் என்றேன்.

தெற்கு அரெர்ன்டே மக்களின் மண் அது. வுர்ரே என்பது அவர்கள் இட்ட பெயர். குன்றின் அடியில் களிமண் தரை, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எப்போதோ ஈரத்தில் யாரோ நடந்திருக்கிறார். ஐந்து விரலும் குதிகாலும் அச்செடுத்ததுபோல் காய்ந்து நின்றன. பேத்தி அதன் பக்கத்தில் தன் காலை வைத்து அளந்து பார்த்தாள். அழுத்தி மிதித்தும் அவள் தடம் விழவில்லை.

பாறையின் நிறத்துக்குக் காரணம் இரும்பு. மழை மிகுந்திருந்த பழங்காலத்தில் கல்லுக்குள் இருந்த இரும்பை நீர் கரைத்தது. வறட்சி வந்ததும் அந்த நீர் மேல்நோக்கி இழுக்கப்பட்டு ஆவியானது. இரும்பு மேற்பரப்பில் தங்கிக் கெட்டிச் சிவப்பு ஓடாயிற்று. அதனடியில் சாயம் போன வெள்ளைக் கல், மெத்தென்று, எளிதில் உதிர்வதாக. ஈர நாளில் கரைந்ததை வறண்ட நாள்தான் மேலே கொண்டுவந்து நிறுத்தியது. என் தகப்பனார் காலமான பின் தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதில் கழிந்த ஏழெட்டு வருஷங்களை வீண் என்று நான் வெகுநாள் குமைந்ததுண்டு. இன்று என்னிடம் கெட்டியாக ஏதாவது இருந்தால், அது அப்போது படிந்ததுதான். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அந்த வருஷங்கள் வந்திராவிட்டால் நான் எப்படிப்பட்ட மனிதனாகியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

ஐந்தரை மணி வாக்கில் வெயில் சாய்ந்தது. வெளிறிய கல் முதலில் மஞ்சளித்தது, பிறகு காவி, பிறகு அடுப்புத் தணல். நிழல் அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு வரியாக ஏறிவர, உச்சி மட்டும் கடைசிவரை எரிந்தது. பேத்தி கைப்பேசியை எடுக்க மறந்துவிட்டாள். இரவில் குளிர் உறைநிலையை எட்டியது. மூவரும் இருந்த கம்பளியையெல்லாம் போர்த்திக்கொண்டு நட்சத்திரம் பார்த்தோம்.

மறுநாள் நெடுஞ்சாலையை எட்டியதும் டயருக்கு மறுபடி காற்று ஏற்ற வேண்டியிருந்தது. காற்றழுத்தமானியைப் பேத்தி பிடுங்கிக்கொண்டாள். நான்கு டயரிலும் முள் 38-ஐத் தொடும்வரை எங்கள் இருவரையும் கிட்டே விடவில்லை.