பாறைக்கு இடம் தராத தலைப்பு

இந்தியா பொக்ரானில் அணுகுண்டுகளை வெடித்த 1998 மே மாதத்தில், நான் ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். ஐதரசன் குண்டின் வலு சுமார் 45 கிலோதொன் என இந்திய விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். நிலநடுக்கமானிப் பதிவுகளைக் கொண்டு கணித்த வெளிநாட்டு நிபுணர்கள் சிலரோ, வெடிப்பின் வலு சொல்லப்பட்டதைவிட மிகக் குறைவு என்றார்கள். கலைப்பட்டதாரியான நான், இரு தரப்பில் ஒன்று பொய் சொல்கிறது என்று தீர்மானித்து, அந்தத் தொனியிலேயே தலைப்பிட்டேன்.

நிலத்தடி வெடிப்புகளைக் கணினியில் உருவகப்படுத்தும் முறை பற்றிப் பல வருடங்களின் பின்னர் வாசித்தபோதே என் அவசரம் எனக்கு விளங்கியது.

குண்டு வெடிக்கையில் அதை ஒட்டிய பாறை ஆவியாகிறது. அதற்கப்பால் உருகுகிறது, நொறுங்குகிறது, விரிசல் காண்கிறது. இவற்றுக்கெல்லாம் செலவானது போக எஞ்சும் சிறு சக்தியே அதிர்வலையாகத் தூரதேசத்து மானியை அடைகிறது. நீர் ஊறிய கடும்பாறை அதிர்வை நன்கு கடத்தும். உலர்ந்த, துளைகள் மலிந்த நிலம் அதை உறிஞ்சிவிடும். ஆகவே பாறையை அறியாமல் குண்டின் வலுவைச் சொல்ல முடியாது.

பாறையில் ஏற்கெனவே உள்ள விரிசல்கள் இன்னொரு சிக்கல். எப்பக்கமும் ஒரே தன்மையான பாறையில் வெடிப்பு அமுக்க அலைகளையே எழுப்ப வேண்டும்; ஆனால் குறுக்கலைகளும் பதிவாகின்றன. 2011 முதல் 2016 வரை நெவாடாவின் கருங்கற்பாறையில் இரசாயன வெடிமருந்தால் ஆறு வெடிப்புகளை நடத்திப் பார்த்தார்கள். விரிசல்களையும் சேர்த்துக் கணினியில் கணித்தபோது, அவற்றின் முகங்கள் ஒன்றன்மீது ஒன்று வழுக்குவதும் அவ்வலைகளுக்குக் காரணம் என்று தெரிந்தது.

இதில் அரசியலும் உண்டு. நிலத்தடிச் சோதனைகளை 150 கிலோதொன்னுக்குள் மட்டுப்படுத்தும் 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையைச் சோவியத் ஒன்றியம் மீறுவதாக 1980களில் அமெரிக்கா குற்றஞ்சாட்டியது. நெவாடாவின் ஆழத்திலுள்ள சூடான பாறை அதிர்வை மங்கச்செய்யும். செமிபலத்தின்ஸ்கின் ஆழத்துக் குளிர்ந்த பாறை அப்படிச் செய்யாது. நெவாடாவின் அளவுகோலால் செமிபலத்தின்ஸ்கை அளந்தால் எந்தக் குண்டும் பெரிதாகவே தெரியும். இரு வல்லரசுகளுக்கிடையே நிலவிய அவநம்பிக்கையில் பாறைக்கும் ஒரு பங்கிருந்தது.

2009 இல், பொக்ரான் சோதனையில் பங்குகொண்ட கே. சந்தானம், ஐதரசன் குண்டு எதிர்பார்த்த வலுவைத் தரவில்லை என்றார். ஆர். சிதம்பரம் அதை மறுத்தார். இருவரில் யார் சரி என்று தீர்ப்பளிக்க நான் இன்று துணியமாட்டேன். கணினி தரும் விடைகூட, அதற்கு நாம் சொல்லிக்கொடுத்த பாறையைப் பற்றிய விடைதான்.

அன்றைய என் தலைப்பைத் திருத்த இனி வழியில்லை. ஆனால் இளம் நிருபர்கள் ஓர் எண்ணுடன் வந்து நிற்கும்போதெல்லாம், "தம்பி, இதை எந்த நிலத்தில் நின்று அளந்தார்கள்?" என்று கேட்கிறேன். அவர்களுக்கு இது கிழவனின் தொணதொணப்பு. எனக்கோ அது அந்தத் தலைப்புக்கான பிராயச்சித்தம்.